சிக்கரி எவ்வளவு பாஸ்?

மாசக் கடைசி, பர்ஸ் காலி, ஆனா காபி மட்டும் விட முடியலையா? கேன்டீன்ல ஒண்ணு, பஸ் ஸ்டாப் கடையில ஒண்ணு, ராத்திரி கண் முழிச்சுப் படிக்க ஒண்ணுன்னு தினமும் மூணு டம்ளர் வெளியில குடிக்கிறவங்க, அந்தக் காசை முப்பதால பெருக்கிப் பாருங்க. கால்குலேட்டரே ஷாக் ஆயிடும்!

ரூம்ல ஒரு எவர்சில்வர் பில்டர் இருந்தா இந்தச் செலவு பாதியா குறையும். மெஷின் எல்லாம் வேணாம். நல்ல காபி அடுப்புல ஆரம்பிக்கிறதில்லை, கடையிலதான் ஆரம்பிக்குது.

பாக்கெட்டைத் திருப்புங்க!

முன்பக்கம் ஆவி பறக்கும் டம்ளர் படம். விஷயம் பொடி எழுத்துல வேற எங்கயாவது இருக்கும். காபி - சிக்கரி கலவையில குறைஞ்சது 51 சதவிகிதம் காபி இருக்கணும், ரெண்டோட அளவையும் பாக்கெட்ல அச்சடிக்கணும். இது நம்ம நாட்டு உணவுச் சட்டம். அப்படின்னா, 49 சதவிகிதம் வரைக்கும் சிக்கரி இருந்தாலும் சட்டப்படி ஓகே!

சிக்கரி விஷம் இல்லை. ஒரு செடியோட வேரை வறுத்து அரைச்ச பொடி. கறுப்பு நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும். ஆனா அதுல காஃபின் கிடையாது. எக்ஸாம் நைட்ல தூக்கத்தை விரட்டுறது காபி மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 53:47 கலவை 200 கிராம் 120 ரூபாய், 80:20 கலவை 200 கிராம் 160 ரூபாய்னு வெச்சுக்கங்க. முதல் பாக்கெட்ல காபி 106 கிராம்தான். ரெண்டாவதுல 160 கிராம். ஒரு கிராம் காபிக்குப் பார்த்தா, முதல்ல 1.13 ரூபாய், அடுத்தது 1 ரூபாய். சீப்பா தெரிஞ்சதுதான் காஸ்ட்லி! பிரேசில், வியட்நாம் வறட்சியால 2025 பிப்ரவரியில அராபிகா விலை உலகச் சந்தையில புது உச்சத்தைத் தொட்டுச்சு. கொட்டை விலை ஏறினா, வேரைக் கூட்டுற ஆசையும் ஏறத்தானே செய்யும்?

அரைச்சு வாங்கினா...

கண் முன்னாடி அரைச்சுத் தர்ற கடை பக்கத்துல இருந்தா நீங்க லக்கி. வாசனைக்கு அராபிகா, ஸ்ட்ராங்குக்கு ரொபஸ்டா. 'பில்டருக்கு'ன்னு சொல்லி அரைக்கச் சொல்லுங்க. சிக்கரி எவ்வளவுங்கிறதையும் நீங்களே சொல்லுங்க. 20 சதவிகிதம் தாராளம்.

ஒரு டம்ளருக்கு சுமார் 10 கிராம். ஆளுக்கு ஒரு வேளைன்னா, ரெண்டு பேருக்கு 100 கிராம் அஞ்சு நாள் வரும். ஒரேயடியா அரைக் கிலோ வாங்காதீங்க. அரைச்ச உடனே மணம் பறக்க ஆரம்பிச்சிடும். காத்துப் புகாத டப்பா, அடுப்பை விட்டுத் தள்ளி... அதான் சரியான இடம்.

டவுட்டா? ஒரு கிளாஸ் தண்ணி மேல கொஞ்சம் பொடி தூவுங்க. காபி மிதக்கும். சிக்கரி கலர் கோடு போட்டுக்கிட்டே சில நொடியில அடியில இறங்கிடும்.

டிகாக்‌ஷன் ரகசியம்

* மேல் பாத்திரம் ஈரமில்லாம இருக்கட்டும். பொடியைப் போட்டு லேசா அமுக்கி, காம்பு வெச்ச சல்லடைத் தட்டை மேல வைங்க.
* கொதிச்ச தண்ணியை அரை நிமிஷம் விட்டு, சுத்திவர மெதுவா ஊத்தி மூடிடுங்க. 15, 20 நிமிஷம் பில்டரைத் தட்டவும் கூடாது, ஆட்டவும் கூடாது.
* மடமடன்னு இறங்கினா பொடி கரகரப்பு, இல்லைன்னா சரியா அமுக்கலை. இறங்கவே இல்லைன்னா ரொம்ப நைஸ், இல்லைன்னா ஓட்டை அடைச்சிருக்கு. காலி மேல் பாத்திரத்தை மட்டும் இடுக்கியில பிடிச்சு அடுப்புத் தீயில காட்டினா அடைச்ச பொடி கருகி உதிர்ந்துடும்.
* டிகாக்‌ஷனைக் கொதிக்க வைக்காதீங்க, கசந்துடும். பால்தான் சூடா இருக்கணும்.

ஸோ, அடுத்த தடவை கடையில 'காபிப்பொடி கொடுங்க'ன்னு நிறுத்திடாதீங்க. 'சிக்கரி எவ்வளவு?'ன்னும் கேளுங்க. மத்தபடி, பில்டரை யார் கழுவுறதுங்கிற சண்டையை ரூம்மேட்ஸ் நீங்களே பேசித் தீர்த்துக்கங்க!