பெருங்குடற் புண்ணழற்சியும் லயன் வாழ்வும்

குழந்தையின் மலத்தில் இரத்தங் கண்டால் வயிற்றுளைவெனக் கொள்வது பதுளைத் தோட்டங்களில் இயல்பே. அந்நோய் அங்குக் கொண்ட உயிர்கள் பல. ஆயின், கிருமித் தொற்றின்றி வாரக்கணக்கில் நீடிப்பின் பெருங்குடற் புண்ணழற்சியையும் ஐயுறல் வேண்டும். மருந்துகள் பயன்படாதவிடத்து, பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றி, சிறுகுடலின் இறுதிப்பகுதியைப் பையாக மடித்துக் குதத்துடன் இணைப்பர். 1978இல் இலண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் ஆகியோர் வெளியிட்ட முறை இது. இணைப்பு ஆறும்வரை, வயிற்றில் அமைத்த துவாரவழியே மலம் ஒட்டுப்பையொன்றிற் சேரும். அதன்பின்னரும் நாளொன்றுக்கு நாலைந்து முறை மலங்கழிக்க நேரும், இரவிலும் எழவேண்டியிருக்கும்.

இச்சத்திரசிகிச்சையின் வெற்றி, நீரும் மலசலகூடமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன என்ற எடுகோளில் நிற்பது. வர்க்கநிலை இங்கு நோயாளியின் உடலுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றது. பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பகிரும் லயனில் அவ்வெடுகோள் செல்லாது. ஆதலின், சிகிச்சைக்கு நாட்குறிக்கும் வைத்தியர், லயனிலிருந்து அது எத்தனை அடி தூரமென்பதையும் தாயிடம் வினவுதல் வேண்டும்.