கந்தூரிப் பயணம்: கடனில்லாமல், கவனத்தோடு



ஜமாதுல் ஆகிர் மாதம் நெருங்கினால் நம் வீடுகள் பலவற்றில் நாகூர்ப் பேச்சு தொடங்கிவிடும். நேர்ச்சை வைத்தவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பவர்களும் இருப்பார்கள். நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசுவதும் உண்டு. தர்காவுக்குச் செல்வது பற்றி நம் மக்களிடையே வேறுபட்ட கருத்துகள் இருப்பதை அறிவோம். அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். போவது என்று முடிவு செய்த குடும்பம் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். அவர்கள் நினைவாக நடக்கும் கந்தூரி 14 நாள் விழா. கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக நாகூர் வந்து, ஐந்து மினாராக்களிலும் ஏற்றப்படும். அவற்றில் மிக உயரமானது 131 அடி. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. பத்தாம் இரவு சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு விடியற்காலையில் நாகூர் வந்து சேர, ரவ்ளாவில் சந்தனம் பூசப்படும். முஸ்லிம்களோடு இந்துக்களும் பெருந்திரளாக வருவார்கள்.

இந்த விழா நாகூரோடு நின்றுவிடவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வணிகத்துக்குப் போன நம்மவர்கள், போன இடமெல்லாம் இந்த நினைவையும் கொண்டு போனார்கள். பினாங்கில் ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் 1800களின் தொடக்கத்தில் ஒரு நாகூர் தர்கா எழுந்தது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் மற்றொன்று கட்டப்பட்டது. அந்தத் தெரு அப்போது கடற்கரை. கரை சேர்ந்தவர்கள் முதலில் கால் வைத்த இடம். 1974இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. இலங்கையில் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலும் இதே ஆண்டகை பெயரால் கொடியேற்று விழா நடக்கிறது.

இவை எதிலும் ஆண்டகை அடக்கமாகவில்லை. ஆண்டுதோறும் கடல் தாண்டி நாகூருக்கு வர இயலாதவர்கள், இருந்த இடத்திலேயே நினைவுகூர்ந்தார்கள். அதனால் அவர்கள் மரியாதை குறைந்துவிடவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: இயன்றவர் போகலாம், இயலாதவர் போகாததில் குறை ஒன்றுமில்லை.

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்றான ஹஜ்ஜையே அல்லாஹ் சக்தி பெற்றவர் மீது மட்டும்தான் கடமையாக்கியிருக்கிறான். அப்படியிருக்க, கந்தூரிக்குப் போக வட்டிக்குக் கடன் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்? பயணத்துக்கு 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் வாங்கினால், மாதம் 500 ரூபாய் வட்டிக்கே போகும். ஓராண்டில் 6,000 கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்பது ஒரு பக்கம். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டின் அரிசியும் அதில் கரைவது இன்னொரு பக்கம். நகையை அடகு வைத்துப் போவதும் இதே கதைதான். அதே 10,000 ரூபாயை மாதம் ஆயிரமாகப் பத்து மாதம் சேர்த்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. நேர்ச்சை வைத்துவிட்டுக் கையில் பணம் இல்லாமல் தவிப்பவர்கள், கடன் தேடுமுன் இமாமிடம் சட்டம் கேளுங்கள்.

அடுத்தது தேதி. பிறைக் கணக்கு ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் கந்தூரி ஒவ்வோர் ஆண்டும் முன்னால் நகரும். 2023இல் டிசம்பர் 14ஆம் தேதி கொடியேறியது. 2024இல் டிசம்பர் 2ஆம் தேதியே ஏறிவிட்டது. சென்ற ஆண்டுத் தேதியை வைத்து ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். இன்னொன்று, பிறைநாள் மஃரிபில் தொடங்குகிறது. பத்தாம் இரவு என்பது ஒன்பதாம் பகலைத் தொடர்ந்து வரும் இரவு. 2024இல் சந்தனக்கூடு டிசம்பர் 11 இரவு புறப்பட்டு, 12 அதிகாலையில் சந்தனம் பூசப்பட்டது. 12ஆம் தேதி மாலை போய்ச் சேர்ந்தவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

நவம்பரும் டிசம்பரும் நாகைக் கரைக்கு மழையும் புயலும் உள்ள மாதங்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தது அந்தப் பகுதியில்தான். கந்தூரி இந்த மாதங்களில் வரும் ஆண்டுகளில், புறப்படும் முன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். சந்தனக்கூடு இரவில் கூட்டம் நெருக்கும். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் அந்த ஓர் இரவைத் தவிர்த்து, 14 நாளில் வேறொரு நாளைத் தேர்ந்தால் நிம்மதியாகப் பார்த்து வரலாம். பிள்ளையின் சட்டைப் பையில் பெயரும் பெற்றோரின் செல்பேசி எண்ணும் எழுதிய சீட்டை வையுங்கள். பிரிந்தால் எங்கே கூடுவது என்று போனதும் ஓர் இடத்தைச் சொல்லி வையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

இறுதியாக, நோயாளிகளைப் பற்றி ஒரு சொல். மனநலம் குன்றியவர்களைக் குணம் வேண்டித் தர்காக்களுக்கு அழைத்துச் சென்று அங்கேயே விட்டுவரும் வழக்கம் நம்மிடம் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். துஆவும் இருக்கட்டும், மருத்துவமும் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு யாரையும் பயணம் அழைத்துப் போகாதீர்கள். அழைத்துப் போனவரை உங்களோடு வீட்டுக்குத் திரும்ப அழைத்து வாருங்கள்.

போகிறவர்கள் தொழுகையைத் தவறவிடாமல், பயணத் தொழுகையின் முறையைக் கேட்டறிந்து போங்கள். வீட்டில் இருப்பவர்கள், போக முடியவில்லையே என்று மனம் குன்ற வேண்டாம். அந்தச் செலவில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டு ஏழைக்குக் கொடுத்தாலும் நன்மைதான். அல்லாஹ் நம் பயணங்களையும் நம் வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.