ரிவர்ஸில் நிற்கும் பழைய வான்

இடம்பெயர்ந்து வந்து, நுவரெலியா, ஹட்டன் பக்கம் மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் நமக்குப் பழைய வானே கைகால். ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் நின்றால், கியர்பெட்டியைக் கழற்றுமுன் நாமே சோதிப்போம்.

சக்கரங்களுக்குக் கல் அடைகொடுங்கள். பின்னால் பிள்ளைகள் நிற்கலாகாது.

கிளச்சை முழுதாக மிதித்திருந்தும் நின்றால், கிளச் விடுபடவில்லை. கிளச் எண்ணெயைப் பாருங்கள்.

முதல் கியரிலும் நின்றால், எஞ்சினின் வெறும் ஓட்டம் குறைவு. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. சமவெளியில் சரிசெய்த காபரேட்டர் இங்கே பெற்றோலை மிகையாக்கும்.

ரிவர்ஸில் மட்டும் நின்றால், எஞ்சின் தாங்கும் ரப்பரைப் பாருங்கள். பின்செல்கையில் எஞ்சின் மறுபக்கம் சாயும். ரப்பர் அறுந்திருந்தால் குழாயும் வயரும் இழுபடும்.

கண்டதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், வீண்செலவு குறையும்.