முழங்கையிலிருந்து அளக்க வேண்டிய அடுக்களை

புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போடும் குடும்பங்கள் லேமினேட்டின் நிறத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசுகின்றன. கைப்பிடி பித்தளையா ஸ்டீலா என்பதற்கும் ஒரு மாலைப்பொழுது கிடைத்துவிடுகிறது. அரிசி டிரம் எங்கே நிற்கும், குக்கர் எந்தத் தட்டில் இருக்கும், உப்பு ஜாடி அடுப்புக்கு எந்தப் பக்கம் என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. அலமாரிகளையெல்லாம் பொருத்தி முடித்தபின் மூட்டைகளைப் பிரித்து, இடம் இருக்கும் பக்கம் எதையாவது நுழைத்துவிடுகிறோம். பிறகு பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அந்த அடுக்களையில் நிற்பவரின் தோளும் இடுப்பும் முழங்காலும் அதைச் சுமக்கின்றன.

எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதற்கு அளவு உண்டு, கணக்கு உண்டு, கொஞ்சம் வேதியியலும் உண்டு. நூறாண்டுக்கு முன்பே அதை ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி 1926-இல் வரைந்த சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. ஓடும் ரயிலின் உணவுப் பெட்டிக்குள் அத்தனை சின்ன இடத்தில் எப்படிச் சமைத்துப் பரிமாறுகிறார்கள் என்பதிலிருந்து அவர் பாடம் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் அதன் சிறப்பு. உருவி எடுத்து, நுனி வழியாக நேரே பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. புழு அண்டாது என்பது காரணம். இவ்வளவு நுட்பமாக யோசித்தும் இரண்டு குறைகள் தங்கிவிட்டன. இழுப்பறைகள் சிறு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. எந்தப் பெட்டியில் எது என்பதைத் தொழிற்சாலையே பொறித்து அனுப்பிவிட்டது; வீட்டுக்கு வீடு சாப்பாடு வேறு என்பதற்கு அங்கே இடமில்லை. இன்றைய ஆயத்த அலமாரிகளிலும் அந்த இரண்டாவது குறை வேறு உருவில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அதே காலத்தில் அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்ற பொறியாளர், தொழிற்சாலைத் தொழிலாளிகளின் கையசைவுகளை ஆராய்ந்த அனுபவத்தோடு அடுக்களைக்கு வந்தார். 1929-இல் புரூக்ளின் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக மாதிரிச் சமையலறையை வடிவமைத்தார். மேடை, அடுப்பு, அலமாரி, சக்கர மேசை ஆகியவற்றைக் கை எட்டும் வட்டத்துக்குள் கொண்டுவந்தது அவர் முறை. ஒரே ஸ்ட்ராபெரி கேக்கைப் பழைய அமைப்பில் செய்ய 281 அடி நடக்க வேண்டியிருந்தது. புதிய அமைப்பில் 45 அடி போதுமானதாக இருந்தது. பண்டமும் மாறவில்லை, பாத்திரமும் மாறவில்லை. அவை இருந்த இடம் மட்டுமே மாறியது.

இனி நம் வீட்டுக்கு வரலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளின்படி இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கிறது. நிற்கும் மனிதரின் முழங்கை, தரையிலிருந்து அவர் உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காட்டில் இருக்கும். தோள் 82 விழுக்காட்டில். அப்படியானால் 152 செ.மீ. உயரமுள்ளவருக்கு முழங்கை 96 செ.மீ., தோள் சுமார் 124 செ.மீ. காய் நறுக்குவது, மாவு பிசைவது போன்ற வேலைக்கு மேடை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோள் உயராது, முதுகும் குனியாது. கணக்குப்படி 81 முதல் 86 செ.மீ. வருகிறது. பல கேட்டலாக்குகளில் உள்ள 36 அங்குலம், அதாவது 91 செ.மீ., மேலைநாட்டு உயரத்துக்கு வகுத்த அளவு. அடுப்பை அந்த மேடைமேல் வைத்து, அதன்மேல் பெரிய குக்கரையும் ஏற்றினால், சாம்பாரைக் கிளறும் கை தோளுக்கு மேல் போய்விடும்.

மேடையின் உயரம் முடிவானால்தான் அலமாரியின் உயரம் முடிவாகும். ஒரு பொருளைச் சிரமமில்லாமல் எடுக்கவும் வைக்கவும் ஏற்ற இடம், தொங்கவிட்ட கையின் விரல் கணுக்களிலிருந்து தோள் வரை உள்ள பட்டைதான். மேற்சொன்ன உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 65 முதல் 125 செ.மீ. வரை. இப்போது வழக்கமான மாடுலர் கிச்சனைப் பாருங்கள். மேடை 85 செ.மீ.யில் முடிகிறது. மேலே 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விட்டுச் சுவர் அலமாரி தொடங்குகிறது. அதன் முதல் தட்டே 130 செ.மீ.க்கு மேல். இரண்டாவது தட்டுக்கு எக்க வேண்டும், மூன்றாவதற்கு ஸ்டூல் வேண்டும். கீழே உள்ள அலமாரிகளுக்கோ குனிய வேண்டும், உள்தட்டுக்கு மண்டியிட வேண்டும். உடம்புக்கு மிக இதமான அந்த அறுபது சென்டிமீட்டரில் பெரும்பகுதியை வெறும் டைல்ஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது!

அந்தச் சுவரை மீட்பதுதான் அடுக்களைத் திட்டத்தில் முதல் வேலை. பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழத்தில் ஒரு நீளப் பலகை போதும். சின்ன டப்பாக்கள் ஒற்றை வரிசையில் நிற்கும். ஒன்றன்பின் ஒன்று மறையாது. கரண்டி, ஜல்லிக்கரண்டி, வடிகட்டி, இடுக்கி ஆகியவற்றுக்கு ஒரு கம்பியும் கொக்கிகளும். “எல்லாத்தையும் மூடிடலாம்மா, பார்க்க நீட்டா இருக்கும்” என்று தச்சர் சொல்வார். தினம் எடுக்கும் பொருளைக் கதவுக்குப் பின்னால் வைத்தால், ஈரக்கையோடு ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூட வேண்டும். கதவு வேண்டியது எப்போதாவது எடுக்கும் பொருளுக்கு.

சிங்க்குக்கு மேலே சுவரில் மாட்டும் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டை நாகரிகமில்லை என்று கழற்றிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஃபின்லாந்தில் மாய்யு கெப்ஹார்ட் என்பவர் 1940-களில் இதே யோசனையை ஆராய்ந்து, சிங்க்குக்கு மேலே அடித்தளத்தில் கம்பிகள் மட்டுமுள்ள அலமாரியை உருவாக்கினார். கழுவிய தட்டு அங்கேயே வடியும், அங்கேயே காயும், அங்கேயே இருக்கும். துடைப்பதும் இன்னோர் இடத்துக்குத் தூக்கிப்போய் அடுக்குவதும் மிச்சம். அந்த நாட்டு வீடுகளில் இன்றும் அது சாதாரணமாகக் காணக்கூடியது. நம் ஸ்டாண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எது எங்கே என்று வரும்போது, ஒரு பொருளை முதன்முதலில் எங்கே பயன்படுத்துகிறோம் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். அரிசியை எடுத்ததும் செய்வது களைவது. ஆகவே அரிசி டிரம்மும் உழக்கும் சிங்க் பக்கம். குக்கருக்கும் முதல் வேலை தண்ணீர்தான்; அதுவும் அங்கேயே. தோசைக்கல்லும் தாளிப்புக் கரண்டியும் அடுப்பைத் தவிர வேறெங்கும் போவதில்லை. மிக்ஸி ஜார்கள் மிக்ஸிக்கு அடியில். மிக்ஸி பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில். அதனால் மின்வேலை செய்பவர் வருவதற்கு முன்பே இந்த முடிவுகள் எடுக்கப்பட வேண்டும். 1940-களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் பரப்பிய அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் என்ற முக்கோண விதி இன்றும் எல்லா விற்பனையாளர்களின் வாயிலும் இருக்கிறது. ஒருவர் மட்டும் நின்று சமைக்கும் அறைக்கு அது சரி. மாமியார் இட்லி ஊற்ற, மருமகள் சட்னி அரைக்க, மகன் காபி கலக்கும் வீட்டில் மூன்று பேரின் பாதைகள் குறுக்கிடும். அங்கே அரைக்கும் இடத்தையும் காபிக்கான இடத்தையும் அடுப்பிலிருந்து சற்று விலக்கி வைப்பதே நல்லது.

தாளிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடுகு வெடித்த சில நொடிகளில் உளுத்தம்பருப்பு போட வேண்டும், அது சிவக்கும்போது பெருங்காயமும் கறிவேப்பிலையும் விழ வேண்டும். எனவே இவை அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் இருந்தாக வேண்டும். மசாலாப் பொருள்கள் கெடுவதும் அதே இடத்தில்தான். வேதிவினைகளின் வேகம் வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. மிளகாய்த்தூளின் நிறம் மங்குவது, எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது எல்லாம் அப்படித்தான் விரைவுபடுகின்றன. மஞ்சள்தூளின் குர்குமினை வெளிச்சமும் சிதைக்கும். உப்பின் கதை இன்னும் துல்லியமானது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல் உப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே கசியும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் பல காலை வேளைகளில் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டிவிடும்; கொதிக்கும் உலைக்கு நேர்மேலே உள்ள தட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சிக்கலுக்கு விடை அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் பெட்டியில், அடுப்பருகே. மாதச் சரக்கு தனியே, குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த இடத்தில். பெட்டியில் இருப்பது கெடுவதற்குள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம் என்று அலமாரி அடுக்குகிறவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. தினப்படிக்கு ஓர் இடம், சேமிப்புக்கு ஓர் இடம் என்று இரண்டு வேண்டும். எண்ணெயும் அப்படித்தான். சின்னத் தூக்கு அடுப்பருகே, டின் உள்ளே. அடுப்புக்கு இடமோ வலமோ ஒரு முழம் தள்ளி வைக்கலாம்; நேர்மேலே மட்டும் கூடாது.

சேமிப்புக்கு இன்னொரு எதிரி அரிசி வண்டு. தாய்வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு மூடிவிடும். நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வரும். புது மூட்டையைப் பழைய அரிசியின் மேலேயே கொட்டினால் அடியில் இருக்கும் வண்டுக்கு விருந்து. டிரம்மைக் காலிசெய்து, துடைத்து, காயவைத்த பிறகு நிரப்ப வேண்டும். அதற்கு வசதியாக வெளியே இழுக்கும்படி அடியில் சக்கரம் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைகளுள்ள குழாய்ப் பொறியை அரிசிக்குள் செருகி வைக்கலாம். காற்றைத் தேடி நகரும் வண்டுகள் துளைவழியே விழுந்து சேரும், மருந்து எதுவும் வேண்டாம்.

கனத்துக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. பொருள் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் உடம்பிலிருந்து 25 செ.மீ. தூரத்திலும் இருக்கும் நிலைக்கான அளவு அது. அலமாரியின் அடித்தட்டில், 15 செ.மீ. உயரத்தில், அரை மீட்டர் உள்ளே தள்ளி வைத்த டேபிள்டாப் கிரைண்டருக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் 9.4 கிலோ வருகிறது. அங்கிருந்து மேடைவரை உயர்த்துவதையும் உடம்பைத் திருப்புவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். கிரைண்டரோ பத்து கிலோவுக்கு மேல். எனவே அதற்கு மேடையிலேயே நிரந்தர இடம் ஒதுக்குங்கள். அலமாரிக்குள் போன கிரைண்டரைத் தூக்க அஞ்சியே பல வீடுகளில் கடை மாவு வாங்குகிறார்கள். 25 கிலோ அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கவே கூடாது. பித்தளை அண்டாவைப் பரணில் ஏற்றுவதும் ஆபத்து. பரணுக்குப் போகவேண்டியவை வருஷத்துக்கொரு முறை எடுக்கும் இலேசான பொருள்கள். மேடைக்கடியில் கனமான பாத்திரங்களுக்குக் கதவு வைத்த தட்டைவிட முழுதாக வெளியே வரும் டிராயர் நல்லது. 55 செ.மீ. ஆழமுள்ள தட்டில் பின்பாதி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. டிராயருக்குச் செலவு கூடுதல்தான். சுவரில் மேல்வரிசை அலமாரியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை இங்கே போடலாம்.

கேஸ் சிலிண்டரை அழகுக்காகக் கதவு போட்டு அடைப்பது எனக்குக் கவலை தருகிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய அலமாரிக்குள் தேங்கினால் வாடை வெளியே வரத் தாமதமாகும். சிலிண்டர் மேடைக்கடியில்தான் இருக்க வேண்டுமென்றால் தரையை ஒட்டியும் மேலேயும் காற்றுத் துளைகள் கட்டாயம். ரெகுலேட்டரைச் சட்டென்று மூடக் கை போகும் இடமும் வேண்டும். அந்த அறையில் வேறு எதையும் அடைக்கக் கூடாது.

சிங்க்குக்கு அடியில் உணவுப்பொருள் வேண்டாம். ஈரமும் கரப்பானும் உள்ள இடம். பினாயிலும் ஆசிட்டும் அங்கே இருப்பதுதான் வழக்கம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அவற்றை உடனே மேல்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சிங்க்குக்கு அடியில் உள்ள அந்த ஓர் அலமாரிக்காவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேளுங்கள். துகள்பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

தச்சரை அழைப்பதற்கு முன் வீட்டில் அதிகம் சமைப்பவரைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து முழங்கைக்கும் தோளுக்கும் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு பேர் சமைத்தால் தட்டுகளும் மேடையும் குள்ளமானவர் அளவுக்கு. மேடை தாழ்ந்து போனால் குள்ளமானவருக்கு நல்லது, உயரமானவர் மட்டும் ஒரு கனமான வெட்டுப்பலகையை அதன்மேல் போட்டு நறுக்கலாம். பிறகு உட்பலகைகளை ஆணியடித்து நிலையாகப் பொருத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கப் பலகைகளில் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு, சிறு முளைகளின் மேல் தட்டை உட்காரவைக்கும் முறை பரவலாக இருக்கிறது. கூடுதல் செலவு மிகக் குறைவு. ஐந்து லிட்டர் குக்கர் போய்ப் பத்து லிட்டர் வந்தாலும், அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து எல்லாவற்றையும் ஒரு தட்டு மேலே ஏற்ற வேண்டியிருந்தாலும், முளையைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினால் போதும்.