வேன் ஓட்டியவர் யார்? கம்பனிக்கு வந்த கடிதமும் ஒரு காலை வகுப்பும்

இங்கிலாந்தில் வேகக் கெமராவில் அகப்படும் வாகனம் ஒன்றுக்கான முதல் கடிதம், அதனை ஓட்டிய சாரதிக்கு வருவதில்லை. வாகனம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே வருகிறது. வேன் கம்பனியின் பெயரில் இருந்தால் கடிதமும் கம்பனிக்குத்தான். சம்பவம் நடந்து 14 நாட்களுக்குள் அது பதிவு உரிமையாளரிடம் வந்து சேர வேண்டும். வந்ததிலிருந்து 28 நாட்களுக்குள், அன்று அந்த வேனை ஓட்டியவர் யார் என்று அவர் எழுதி அனுப்ப வேண்டும்.

வடமேற்கு லண்டனில் நம்மவர்கள் நடத்தும் சில சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது எனது தொழில். ஆகவே இத்தகைய கடிதங்கள் அவ்வப்போது எனது மேசைக்கும் வந்து போகின்றன. 2019இல் வந்த ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அதன் தொடர்ச்சியாக, வேகமாக வாகனம் ஓட்டியவர்களுக்கென நடத்தப்படும் விழிப்புணர்வு வகுப்பொன்றில் மொழிபெயர்ப்பாளனாக ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. லண்டனில் கடை வைத்திருப்போருக்கும், பிள்ளைகளையோ மருமக்களையோ இங்கு வேலைக்கு அனுப்பியிருக்கும் ஊர் வர்த்தகர்களுக்கும் அதில் பயனுள்ள விடயங்கள் உண்டு.

கடை பலசரக்கும் ஹலால் இறைச்சியும் விற்பது. வேன் சாரதி சம்மாந்துறைப் பக்கத்துத் தம்பி. ஊரில் ஆறேழு வருடங்கள் லொறி ஓட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் இங்கு குடியேறியவருக்கு முதல் 12 மாதங்களுக்கு மட்டுமே செல்லும். அதன் பின்னர் இந்நாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும். அவர் தேறிப் பதினான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் முன்னர் வேலை செய்த இடத்தில், 30 மைல் வீதியில் 44 மைலில் ஓட்டி 3 தண்டப் புள்ளிகளும் பெற்றிருந்தார். இப்போது வந்த கடிதத்தில் அதேபோன்ற 30 மைல் வீதியில் 37 மைல் என்றிருந்தது.

வேகத்துக்கான சாதாரணத் தண்டனை 100 பவுணும் 3 புள்ளிகளும். பழைய சாரதிக்கு 12 புள்ளிகள் சேரும்போதே ஆபத்து. ஆனால் 1995ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பரீட்சையில் தேறி இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் பெற்றால் அனுமதிப்பத்திரம் இரத்தாகிவிடும். எழுத்துப் பரீட்சையில் தொடங்கி மீண்டும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மூன்றும் மூன்றும் ஆறு. தம்பியின் வேலையே அந்தக் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் உம்மாவின் மருந்துச் செலவும் தங்கச்சியின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன.

கடையில் இருந்த ஒருவர் உடனே ஒரு வழி சொன்னார். முதலாளியின் மச்சான் மூன்று மாதம் இங்கு நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். "அவர்தான் ஓடினார் என்று எழுதிப் போடுங்கள். அவருக்கு இங்கு அனுமதிப்பத்திரமே இல்லை, யார் அவரைத் தேடிப் போகப் போகிறார்கள்?" என்றார். இது நம்மவர்களிடம் மட்டும் உள்ள யோசனையல்ல. ஆனால் இதைச் சொல்பவர்கள் கிறிஸ் ஹியூனின் கதையை அறிவதில்லை.

2003 மார்ச்சில் எசெக்ஸ் பகுதியில் எம்11 நெடுஞ்சாலையில் அவருடைய கார் கெமராவில் அகப்பட்டது. அப்போது அவர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர். புள்ளிகள் ஏறினால் வாகனம் ஓட்டத் தடை வரும் நிலை. ஓட்டியவர் தானென்று மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். அவர் பெயர்பெற்ற பொருளியலாளர். பின்னர் ஹியூன் அமைச்சரானார், குடும்பம் பிரிந்தது, விடயம் வெளியே வந்தது. 2012இல் அமைச்சர் பதவி போனது. 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை. குற்றம் வேகமல்ல, நீதியின் போக்கைத் திரித்தது. மூன்று புள்ளிக்காகச் செய்த வேலை பத்து வருடங்களின் பின் வந்து பிடித்தது.

இதைச் சொன்னதும் முதலாளி அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். தம்பியும் சும்மா இருக்கவில்லை. "என்ட பேரயே எழுதுங்க காக்கா, ஓடினது நான்தானே" என்றார். எழுதி அனுப்பினோம்.

கம்பனிகள் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். ஓட்டியவர் யாரென்று தெரியாது என்று பதில் அனுப்பித் தப்ப முடியாது. தனிநபர் பெயரில் உள்ள வாகனமென்றால், பெயர் கொடுக்கத் தவறிய குற்றத்துக்கு மட்டும் 6 புள்ளிகளும் 1,000 பவுண் வரையான தண்டமும் உண்டு. கம்பனிக்குப் புள்ளி போட முடியாது, தண்டம் போடலாம். யார் ஓட்டினார் என்ற பதிவு ஏன் வைத்திருக்கவில்லை என்பதற்கும் கம்பனியே நியாயம் காட்ட வேண்டும். பத்துப் பேர் மாறிமாறி ஓட்டும் வேனுக்கு ஒரு கொப்பி போதும்: திகதி, நேரம், பெயர், கையொப்பம். நான் கணக்கு எழுதும் எல்லாக் கடைகளிலும் இதை வற்புறுத்துகிறேன். பாதிப் பேர்தான் கேட்கிறார்கள்.

சில நாட்களில் தம்பியின் பெயருக்குக் கடிதம் வந்தது. தண்டமும் புள்ளியும் ஏற்கலாம், அல்லது பணம் கட்டி விழிப்புணர்வு வகுப்புக்குப் போகலாம் என்றிருந்தது. பொலிஸார் பொதுவாகப் பின்பற்றும் வழிகாட்டலின்படி, வேகக் கட்டுப்பாட்டின் மேல் பத்து வீதமும் இன்னும் 2 மைலும் கூடினால் நடவடிக்கை தொடங்குகிறது. பத்து வீதமும் 9 மைலும் வரை வகுப்பு கிடைக்கும். 30 மைல் வீதியில் இது 35 முதல் 42 வரை. தம்பியின் பழைய 44க்கு வகுப்பு கிடைக்காததும் இப்போதைய 37க்குக் கிடைத்ததும் இதனால்தான். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் இந்தச் சலுகை. இது உரிமையல்ல, பொலிஸார் விரும்பினால் தருவது. கட்டணம் இடத்துக்கு இடம் மாறினாலும் பெரும்பாலும் அந்த 100 பவுண் தண்டத்தை அண்மித்தே இருக்கும். அதில் ஒரு பங்கு பொலிஸின் நிர்வாகச் செலவுக்குப் போகிறது. இதனால் இதை வருமான வழி என்று திட்டுபவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், வகுப்பு முடித்தவருக்குப் புள்ளி இல்லை. தம்பிக்கு அதுவே பெரிய காரியம்.

வகுப்பு ஒரு ஹோட்டலின் கூட்ட மண்டபத்தில் நடந்தது. ஆங்கிலம் போதாதவர், முன்கூட்டியே அறிவித்துவிட்டு சொந்தச் செலவில் மொழிபெயர்ப்பாளரை அழைத்து வரலாம் என்று நடத்தும் நிறுவனம் அனுமதித்திருந்தது. நான் மொழிபெயர்க்கலாம், அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது. வாசலில் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்த்தார்கள். ஐந்து நிமிடம் பிந்தி வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். வேகமாக ஓட்டியதற்கான வகுப்புக்கு அந்த மனிதர் அன்று மெதுவாக வந்திருக்கிறார் போலும்!

உள்ளே சுமார் இருபது பேர். ஒரு மேசன், பொதி விநியோகிக்கும் இளைஞர், வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிக்கும் பெண், ஓர் ஆசிரியை, இளைப்பாறிய சிலர். பாடம் நடத்தியவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். யார் எவ்வளவு வேகத்தில் ஓட்டினீர்கள் என்று கேட்கமாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள். பரீட்சையும் இல்லை, ஆனால் வாய் திறந்து கலந்துகொள்ளாதவருக்கு முடித்ததாகக் கணக்கு வைக்கமாட்டார்கள். நம் நாட்டில் பொலிஸ் எழுதும் தண்டச் சீட்டைக் கொண்டுபோய்த் தபாற் கந்தோரில் பணம் கட்டி, அனுமதிப்பத்திரத்தை மீட்டு வருவதோடு காரியம் முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் இது புதுமை.

முதலில் வீதிப் படங்களைக் காட்டி, இங்கு என்ன வேகக் கட்டுப்பாடு என்று கேட்டார்கள். பல வருடம் ஓட்டியவர்களும் தடுமாறினார்கள். தெரு விளக்குகள் 183 மீற்றருக்கு, அதாவது 200 யாருக்கு மேற்படாத இடைவெளியில் வரிசையாக நின்றால், வேறு பலகை இல்லாத வரையில் அது 30 மைல் வீதி. பலகையைத் தேடவேண்டாம், விளக்குக் கம்பத்தைப் பாருங்கள் என்றார்கள். (வேல்ஸில் 2023 செப்டெம்பரிலிருந்து இதே வீதிகள் 20 மைலாகிவிட்டன. லண்டனின் பல பகுதிகளிலும் 20 மைல் பலகைகள்தான்.)

அடுத்து வந்தது வேன் கேள்வி. நகருக்கு வெளியே நடுத் தடுப்பில்லாத வீதியில் காருக்கு 60 மைல். பொருள் ஏற்றும் சாதாரண வேனுக்கு? மண்டபமே 60 என்றது. சரியான விடை 50. நடுத் தடுப்புள்ள இரட்டை வீதியில் காருக்கு 70, வேனுக்கு 60. மோட்டார் நெடுஞ்சாலையில் மட்டும் இரண்டுக்கும் 70. காரின் உடலமைப்பில் செய்த, சுமையுடன் இரண்டு தொன்னுக்கு மேற்படாத சிறு வேன்களுக்கே காரின் வேகம் உண்டு. பர்மிங்ஹாமுக்கும் லெஸ்டருக்கும் சரக்கெடுக்கப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் விசாரித்தவரையில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பின்னர் நிறுத்தும் தூரம். 30 மைலில் போகும் வாகனம், சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் 9 மீற்றர் போய்விடுகிறது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14 மீற்றர். மொத்தம் 23. அதே இடத்தில் 35 மைலில் போனவர் என்ன ஆவார்? இதே கணக்கை நீட்டிப் பார்த்தால், 30இல் போனவர் நின்றுவிட்ட புள்ளியை 35இல் போனவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் 20 மைல். வீதியைக் கடந்த பிள்ளையை முதலாமவர் தொடவில்லை. இரண்டாமவர் 20 மைலில் மோதுகிறார். இதை மொழிபெயர்த்தபோது தம்பி என்னிடம் திருப்பிக் கேட்டார்: "அஞ்சு மைலுக்கா காக்கா?" ஆம், ஐந்து மைலுக்கு.

இடைவேளைக்குப் பின், அன்று ஏன் வேகமாகப் போனீர்கள் என்று ஒவ்வொருவரையும் ஒரு துண்டில் எழுதச் சொன்னார்கள். பராமரிப்புப் பெண், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகத் தனக்கு நேரமே ஒதுக்கப்படுவதில்லை என்று எழுதியிருந்தார். பொதி விநியோகிப்பவரும் கிட்டத்தட்ட அதையே எழுதியிருந்தார். தம்பி நெடுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "வெள்ளிக்கிழம லிஸ்ட் எண்டு எழுதுங்க. முதலாளிட்ட செல்லிராதீங்க" என்றார். (அவருடைய சம்மதத்துடனேயே இப்போது எழுதுகிறேன்.)

எனக்கு அந்தப் பட்டியல் தெரியும். வேனின் முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு ஜும்ஆவுக்கு முன், பதினொரு மணிக்குள் இறைச்சி போய்ச் சேர வேண்டும். மொத்த வியாபாரியிடமிருந்து இறைச்சி கடைக்கு வருவதே ஒன்பதரைக்கு. வெட்டி, நிறுத்து, பொதி செய்து ஏற்றப் பத்தேகால். அந்தப் பட்டியலை நிறைவேற்றும் வேகத்தைச் சட்டம் அனுமதிக்காது. கெமராவில் பதிந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமையே.

தம்பி சொன்னதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒரு கணக்கை மட்டும் அவர் முன் வைத்தேன். பத்து மைல் தூரத்தை 30இல் ஓட்டினால் இருபது நிமிடம். 37இல் ஓட்டினால் பதினாறே சொச்சம். மிச்சம் நான்கு நிமிடத்துக்கும் குறைவு, அதுவும் சிவப்பு விளக்கே இல்லாத வீதியில். லண்டனில் முதல் இரண்டு சந்திகளிலேயே அது போய்விடும். மறுபக்கம் வகுப்புக் கட்டணம், ஒரு நாள் வேலை, மாற்றுச் சாரதி. தம்பியின் அனுமதிப்பத்திரம் போயிருந்தால் வேனுக்கு வேறு ஆள், புதிய காப்புறுதி. புள்ளியுள்ள சாரதியைச் சேர்த்தால் காப்புறுதிக் கட்டணம் ஏறுகிறது. வகுப்புக்குப் போனதைக் கூடச் சில நிறுவனங்கள் கேட்கின்றன. கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இவ்வகுப்புகளால் பயனுண்டா என்ற கேள்விக்கு, பிரித்தானியப் போக்குவரத்துத் திணைக்களத்துக்காகச் செய்து 2018இல் வெளியான ஆய்வொன்று பதில் தருகிறது. வகுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மீண்டும் வேகத்துக்காக அகப்படும் வாய்ப்பு 12 முதல் 23 வீதம் வரை குறைந்தது. விபத்துகள் குறைந்தன என்று உறுதியாகக் காட்ட அந்த ஆய்வினால் முடியவில்லை. எனது அபிப்பிராயம், வகுப்பில் உட்காருபவர் சாரதி மட்டும் என்பதே இதன் குறை. பட்டியல் எழுதுபவரை யாரும் அழைப்பதில்லை. 2020 முதல் இவ்வகுப்புகள் பெரும்பாலும் கணினி வழியாகவே நடக்கின்றன. இரண்டே முக்கால் மணி நேரம். முதலாளிமார் அதில் போய் உட்கார வழியில்லை.

நமது முதலாளி அந்த வாரமே மூன்று சாப்பாட்டுக் கடைகளுடனும் பேசினார். இரண்டு கடைக்காரர், குளிரூட்டி இருக்கிறது, வியாழன் இரவே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை நாளாக அவர்களிடம் யாரும் கேட்கவில்லை! மூன்றாமவர் மட்டும் வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று நின்றார். பத்தே முக்கால் ஆனதும், வேன் எங்கே என்று சாரதியின் கைத்தொலைபேசிக்கு எடுப்பது அவர் வழக்கம். 2017 மார்ச்சிலிருந்து, கையில் தொலைபேசியுடன் வாகனம் ஓட்டினால் 200 பவுணும் 6 புள்ளிகளும். புதிய சாரதிக்கு அந்த ஓர் அழைப்பே போதும். தம்பியின் இலக்கத்தை அவரிடமிருந்து அழிக்கச் சொல்லி, கடை இலக்கத்தைக் கொடுத்தார் முதலாளி. இப்போது பத்தே முக்காலுக்கு மணி அடிப்பது கல்லாவுக்குப் பக்கத்தில். எடுத்துப் பதில் சொல்பவர் முதலாளிதான்.