அகதிகளும் அவர்களை ஏற்கும் கிராமங்களும்: உகண்டா

மாணவர்களே, போர், துன்புறுத்தல் போன்றவற்றால் தமது நாட்டின் எல்லையைக் கடந்து வேறொரு நாட்டில் அடைக்கலம் தேடுவோரே அகதிகள். எல்லையைக் கடக்காதவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். இவ்விரண்டையும் குழப்பி எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர்.

அகதி என்றதும் முட்கம்பி வேலியும் கூடாரமுமே உங்கள் நினைவுக்கு வரும். கிழக்கு ஆபிரிக்க நாடாகிய உகண்டாவில் நிலைமை வேறு. அந்நாட்டின் 2006 ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அவர்களுக்குத் தொழில் செய்யவும் நாட்டினுள் நடமாடவும் உரிமை வழங்கியது. கிராமப்புறக் குடியேற்றங்களில் வீடு கட்டவும் பயிரிடவும் குடும்பங்களுக்குச் சிறு காணித்துண்டு வழங்கப்பட்டது.

2016 ஓகஸ்டில் வடமேற்கே யும்பே மாவட்டத்தில் பிடிபிடி குடியேற்றம் திறக்கப்பட்டது. தென் சூடான் போருக்குத் தப்பியோர் சில மாதங்களுக்குள் இரண்டரை இலட்சத்திற்கும் அதிகமாக அங்கு சேர்ந்தனர். இத்தனை பேருக்கும் காணி எங்கிருந்து வந்தது? அப்பிரதேசத்தில் காணி பெரும்பாலும் குலங்களுக்குப் பொதுவானது; ஊர்ப் பெரியோரே அதை விட்டுக்கொடுத்தனர். 1979 இல் இடி அமீனின் ஆட்சி வீழ்ந்த பின்னர் அப்பகுதி மக்கள் பலர் சூடானுக்கும் இன்றைய கொங்கோவுக்கும் ஓடி, அகதிகளாக வாழ்ந்து திரும்பியவர்கள். விடையில் இக்காரணத்தை எழுதுவோர் மிகக் குறைவு. நீங்கள் எழுதுங்கள்.

பழைய நினைவு மட்டுமல்ல, எதிர்பார்ப்பும் இருந்தது. அகதிகளுக்கான உதவியில் 30 வீதம் உள்ளூர் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது உகண்டாவின் கொள்கை. இதன்படி அமைக்கப்படும் பாடசாலை, குழாய்க்கிணறு, சுகாதார நிலையம் ஆகியவற்றை இரு பகுதியினரும் பயன்படுத்துவர். வாக்களித்தவை தாமதமானபோது ஊரவர் முறையிட்டதும் உண்டு.

இனி இதன் குறைபாட்டைப் பார்ப்போம். பிடிபிடியில் ஒரு குடும்பத்திற்கான காணி 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது. நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ மூன்றரைப் பரப்பு. வீடும் மலசலகூடமும் போக மீதியில் கீரை, மரக்கறி வைக்கலாம்; ஆண்டு முழுவதற்குமான சோளம் விளையாது. ஆகவே உணவுப் பங்கீடு தொடர்ந்தும் தேவைப்பட்டது. 2020 இல் உலக உணவுத் திட்டம் நிதிப் பற்றாக்குறையால் அப்பங்கீட்டை 30 வீதம் குறைத்தது. வேறு வழி என்ன? ஊரவரின் வயலில் கூலிவேலை, அவர்களிடம் குத்தகைக்குக் காணி, சிறு கடை, தையல். இவற்றில் எதுவும் உள்ளூராரின் நல்லெண்ணமின்றி நடவாது. அந்த நல்லெண்ணம் பெரும்பாலும் விறகில்தான் முறிகிறது. சமையலுக்கு மரம் வெட்டச் செல்லும் பெண்களுக்கும் காணி உரிமையாளருக்கும் இடையே அடிக்கடி பிணக்கு ஏற்பட்டது. மரநடுகையும் விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளும் இதனாலேயே அங்கு அறிமுகமாயின.

பயிற்சி வினா: தொழில் செய்யும் உரிமை இருந்தும் உகண்டாவின் கிராமப்புற அகதிகள் உணவுப் பங்கீட்டில் தங்கியிருந்தமைக்கான இரு காரணங்களை விளக்குக.