காருக்குப் புதிய பேட்டரி: வாங்குமுன் அறிய வேண்டியவை

குடும்பக் கார்களில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, பெரும்பாலும் ஈய-அமில வகையைச் சேர்ந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கிய வேதியியல் அடிப்படையிலேயே அது இன்றும் இயங்குகிறது. ஈய டைஆக்சைடு பூசிய நேர்மின் தகடும், நுண்துளைகள் நிறைந்த ஈயத்தாலான எதிர்மின் தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும் ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. அத்தகைய ஆறு அறைகளை வரிசையாக இணைத்தால், முழுதாக மின்னேறிய நிலையில் 12.6 வோல்ட் கிடைக்கிறது. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சில நொடிகள் மட்டும் மிகுந்த மின்னோட்டத்தைக் கொடுப்பதே இதன் தலையாய பணி. அதன்பின் ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி பொறுப்பேற்று, காருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருவதோடு பேட்டரிக்கும் மின்னேற்றுகிறது.

தமிழ்நாடு போன்ற வெப்பமான பகுதிகளில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயிலும் எஞ்சின் அறையின் சூடும்தான். வெப்பநிலை உயர உயரத் தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டங்கள் விரைவாக அரிக்கப்படுகின்றன. அமிலக் கரைசலில் உள்ள நீரும் வேகமாகக் குறைகிறது. ஆகவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பேட்டரி மாற்றப்படுவது இயல்பானதே. ஆனால் கார் கிளம்பாதபோதெல்லாம் பேட்டரியே குற்றவாளி என்று முடிவுகட்டுவது, தேவையற்ற செலவுக்கு வழிவகுக்கிறது.

‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று மெக்கானிக்கிடம் சொல்லப்படும் கோளாறுக்குப் பல காரணங்கள் உண்டு. டெர்மினலில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு மின்னோட்டத்தைத் தடுக்கலாம். கேபிளின் பிடி தளர்ந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் மின்னேற்றாமல் இருக்கலாம். ஓர் எளிய மல்டிமீட்டரே இவற்றில் பலவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். இரவு முழுதும் நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும், 12.5-க்குக் கீழேயே நின்றால் பழுது பெரும்பாலும் மின்னேற்றும் பக்கத்தில் இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் பொருத்தப்படும் புதிய பேட்டரியும் சில நாள்களில் படுத்துவிடும். நிறுத்திவைத்த காரிலும் டாஷ் கேமரா, திருட்டுத் தடுப்பு அலாரம் போன்றவை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கசிவு 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, இரண்டு வாரம் ஓடாமல் நின்றால் ஏறத்தாழ பாதி காலியாகிவிடும். மூடப்பட்ட பேட்டரியின் மேலுள்ள பச்சை நிறக் குறியை நம்பி முடிவெடுப்பதும் சரியன்று. அது ஆறு அறைகளில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டுகிறது.

மாற்றியே ஆக வேண்டும் என்று தெளிவானபின், பழைய பேட்டரியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது மிகுந்த பயன் தரும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் காணப்படும் 38பி20எல் என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் முன்னுள்ள 38 ஆம்பியர்-மணியைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது திறனுக்கான தர எண். அந்தப் பேட்டரி இந்தியச் சந்தையில் பொதுவாக 35 ஆம்பியர்-மணி என்றே விற்கப்படுகிறது. ‘பி’ என்பது அகலமும் உயரமும் சேர்ந்த அளவு வகை, 20 என்பது சென்டிமீட்டரில் தோராயமான நீளம். இறுதியிலுள்ள ‘எல்’ அல்லது ‘ஆர்’ பிளஸ் டெர்மினல் எந்தப் பக்கம் அமைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. இந்த ஓரெழுத்து மாறினால் கேபிள் எட்டாது. எட்டவைக்கும் முயற்சியில் பிளஸும் மைனஸும் மாறிப்போனால் ஃபியூஸ்களோடு விலையுயர்ந்த மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கருகக்கூடும்.

ஆம்பியர்-மணி என்பது எவ்வளவு மின்சாரம் சேர்ந்திருக்கிறது என்பதன் அளவு; 35 ஆம்பியர்-மணி எனில் 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரவல்லது. கொள்ளளவு சற்றுக் கூடினால் ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை, ஏனெனில் மோட்டார் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்கிறது. எனினும் தட்டில் சரியாக உட்காராத பெரிய பேட்டரியைக் கயிறு கட்டி நிறுத்துவது ஆபத்தானது. தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவைவிடக் குறைவாக வாங்குவது எந்த நிலையிலும் தகாது. குறிப்பாக, அழுத்தம் மிகுந்த டீசல் எஞ்சினைச் சுழற்ற மின்னோட்டம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானே அணைந்து, மீண்டும் தானே கிளம்பும் வசதியுள்ள கார்களில் தனிக் கவனம் வேண்டும். அவற்றின் பேட்டரி ஒரே பயணத்தில் பலமுறை எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருப்பதால், வலுவூட்டிய தகடுகள் கொண்ட ஈஎஃப்பி வகையோ, அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சிவைத்திருக்கும் ஏஜிஎம் வகையோ பொருத்தப்படுகிறது. விலை குறைவு என்று அந்த இடத்தில் சாதாரண பேட்டரியை வைத்தால் அது வெகுவிரைவில் வலுவிழக்கும். ஏஜிஎம் இருந்த காருக்கு ஏஜிஎம்மே வேண்டும்.

கடையில் பெரும்பாலோர் கேட்பது உத்தரவாதக் காலத்தை. முதலில் கேட்க வேண்டியது தயாரிப்புத் தேதியை. பயன்படுத்தாமல் அலமாரியில் இருக்கும் பேட்டரியும் மெல்ல மெல்ல மின்சாரத்தை இழக்கிறது. அவ்வாறு வெறுமையாகிக் கிடக்கும்போது தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பின்னர் மின்னேற்றினாலும் முழுதாகக் கரைவதில்லை. ஓராண்டுக்கு முன் தயாரானதைத் தள்ளுபடி விலையில் வாங்குவதைவிட, மூன்று மாதத்துக்குள் தயாரானதை முழு விலைக்கு வாங்குவதே மேல். உத்தரவாதத்திலும் முழுக் காலத்துக்கும் புதிய பேட்டரி இலவசமாகக் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 60 மாதம் என்று அட்டையில் இருந்தாலும், பல நேரங்களில் முதற்பகுதிக்குத்தான் இலவச மாற்று, எஞ்சிய பகுதிக்குக் கழிவு விலை மட்டுமே.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து, அதன் மதிப்பைப் பில்லில் கழித்துக்கொள்வது நடைமுறையில் உள்ளது. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன. பழைய இரும்புக்கடை வழியாக முறையற்ற உலைகளுக்குப் போகும் பேட்டரியின் அமிலம் மண்ணிலும், ஈயத் தூசு அக்கம்பக்கக் குழந்தைகளின் உடலிலும் சேர்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை. கூடுதலாகச் சில நூறு ரூபாய் தருவதாகச் சொன்னாலும் இரும்புக்கடையைத் தவிர்த்து, பழைய பேட்டரி பெற்றுக்கொள்ளப்பட்டதைக் கடைக்காரர் பில்லிலேயே குறித்துத் தருமாறு கேட்டு வாங்க வேண்டும்.